எந்த வண்டிச் சாமானும் பொருந்தும்

கல்யாணமான மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர், "சீக்கிரம் கிளம்பு, ஜாலான் ஜாலான் போயிட்டு வரலாம்" என்றார். சும்மா ஊர் சுற்றிவிட்டு வரலாமென்று அர்த்தம். நான் மாம்பழ நிறச் சேலை கட்டி, தலையில் மல்லிகை வைத்து, அந்த மல்லிகையை ஹெல்மெட்டுக்குள் நசுக்கிக்கொண்டு அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தேன். கிள்ளானிலிருந்து புறப்பட்டோம். பிரிக்பீல்ட்ஸில் கோயில், பிறகு வாழையிலைச் சாப்பாடு, முடிந்தால் மாலையில் ஒரு படம் என்று வழியெல்லாம் மனக்கோட்டை கட்டிக்கொண்டு வந்தேன். வண்டி பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தகர வேலிக்கு முன்னால் போய் நின்றது. உள்ளே மலை மலையாகப் பழைய இரும்பு. கட்டிப் போட்டிருந்த நாய் ஒன்று என் சேலையைப் பார்த்துக் குரைத்தது.

"இங்க எதுக்கு நிக்கிறோம்?"

"ஒரே ஒரு ஸ்குரூ லா. அஞ்சு நிமிஷம்."

இரண்டரை மணி நேரம் ஆனது. நான் ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்து, அதன்மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்திருந்தேன். ஸ்குரூ தேடப் போனவர் ஒரு கார்பரேட்டர் மூடி, இரண்டு ஸ்பிரிங், பெயர் தெரியாத ஒரு வளைந்த குழாய் எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்து, பிறந்த பிள்ளையைக் கொடுப்பதுபோல என் மடியில் வைத்தார். சேலையில் பட்ட கிரீஸ் கறை கடைசி வரைக்கும் போகவில்லை. கோபத்தில் கிள்ளான் வந்து சேரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசாததை அவர் கவனிக்கவும் இல்லை. அந்தக் குழாய் எதில் பொருந்தும் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அந்த நாளில் கிள்ளானில் எந்த மோட்டார் சாமான் கடைக்குப் போனாலும் தவுக்கே, அதாவது கடைக்காரச் சீன முதலாளி, முதலில் கேட்பது, "ஒரியா, தைவானா, லோக்கலா?" என்றுதான். ஒரி என்றால் கம்பெனியின் ஒரிஜினல் சாமான். விலை கேட்டால் தலை சுற்றும். தைவான் அதில் பாதி. லோக்கல் அதிலும் பாதி. என் வீட்டுக்காரருக்கு இந்த மூன்றும் ஆகாது. அவருக்கென்று நாலாவது வகை ஒன்று இருந்தது: வேறு ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றிப் போட்டது. "பொருந்தும்" என்பதுதான் அவருடைய மந்திரம். உரசிப் பொருத்துவார், தட்டிப் பொருத்துவார், கம்பி கட்டிப் பொருத்துவார்.

அவரைக் கஞ்சன் என்று நான் சொல்ல மாட்டேன். யார் வீட்டு விசேஷம் என்றாலும் தாராளமாகச் செய்கிறவர். எனக்கு வளையல் வாங்கியபோது விலை கூடக் கேட்கவில்லை. மோட்டார் சாமான் என்று வந்துவிட்டால் மட்டும் அவருக்குள் வேறொருவர் புகுந்துகொள்வார். "காசு குடுத்து ஒரிஜினல் வாங்க எந்த மடையனாலயும் முடியும். அப்புறம் மூளை எதுக்கு இருக்கு?" என்பார். எதற்கு இருக்கிறது என்று நானும் பல நாள் யோசித்திருக்கிறேன்.

வண்டி எழுபது சிசி கப்சாய். கிளட்ச் பிடி இல்லாத சின்ன வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். ஒரு காய்கறிக்காரச் சீனரிடமிருந்து வாங்கியபோது அது ஒழுங்கான வண்டியாகத்தான் இருந்ததாம். பிறகு காலை மறைக்கும் பிளாஸ்டிக் கவசம் உடைந்தது. இவர் வேறு வண்டியின் கவசத்தைக் கொண்டுவந்து மாட்டினார். அது அகலம் கூடியது. கியர் மிதிக்கும் கம்பியில் போய் இடித்தது. சரியான கவசம் வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இவரோ, இருந்த கம்பியைக் கழற்றிவிட்டு வேறொரு பெரிய வண்டியின் ஒற்றைக் கம்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டார். அதிலிருந்து அந்த வண்டியில் கியர் ஏற்ற வேண்டுமென்றால், இடது காலைப் பின்னுக்கு இழுத்து, செருப்பு நுனியைக் கம்பிக்கு அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். இறக்க வேண்டுமென்றால் குதிகாலால் மிதிக்க வேண்டும். கோழி குப்பையைக் கிளறுவதுபோல இருக்கும்.

அடுத்து சிக்னல் சுவிட்ச். அதுவும் வேறு ஏதோ வண்டியுடையது. வயர்களின் நிறம் ஒத்து வரவில்லை. "வயர்னா வயர்தான்" என்று இணைத்துவிட்டார். இடது பக்கம் தள்ளினால் வலது விளக்கு மின்னியது. "இது தெரிஞ்சிட்டா போதும் லா, மாத்தித் தள்ளிக்கலாம்" என்றார். முன் பிரேக்குக்குச் சைக்கிள் பிரேக் கம்பி போட்டிருந்தார். பிடியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. ஏதோ மனத்திருப்திக்காகப் பிடித்துக்கொள்ளலாம். புதுச் சாமான் எதைப் பொருத்தினாலும் சக்கரத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார். பிரேக் பிடிக்கிறதா என்று மட்டும் பார்க்க மாட்டார்.

ஹார்ன் இருக்கிறதே, அது ஒரு ரொட்டிக்காரரின் வண்டியில் இருந்தது. ரப்பர் உருண்டையை அழுத்தினால் "பொம், பொம்" என்று கத்தும். நாங்கள் எந்தச் சந்தில் நுழைந்து ஹார்ன் அடித்தாலும் பிள்ளைகள் சில்லறையோடு ஓடி வருவார்கள். ஒருமுறை ஒரு ஆன்டி பின்னாலேயே துரத்தி வந்து, "தேங்காய் பன் இருக்கா?" என்று என்னைக் கேட்டார். நான் பட்டுச் சேலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்கே ஹார்னைக் கழற்றி வீசினேன். பிறகு அந்த வண்டிக்கு ஹார்னே இல்லை.

இப்படியே இரண்டு வருடம் பின்னால் உட்கார்ந்து காலத்தை ஓட்டியிருப்பேன். அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு வேலை வந்தது.

பந்திங் சாலையில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்துப் பாலர் பள்ளிக்கு ஆசிரியை வேண்டுமென்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியார் என் சான்றிதழ்களைப் பார்த்தார், இரண்டு பாட்டுப் பாடச் சொன்னார், தலையாட்டினார். பிறகு ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

"பஸ் மெயின் ரோட்டோட சரிம்மா. உள்ள நாலு மைல் செம்மண் ரோடு. இதுக்கு முன்னால வந்த ரெண்டு டீச்சரும் நடந்து நடந்தே வேலைய விட்டுட்டாங்க. மோட்டார் லைசன்ஸ் இருக்கா?"

"எடுத்துடுவேன் சார்."

"அப்ப எடுத்துட்டு ஜனவரி ஸ்கூல் தொறக்குறப்ப வாங்க. இல்லேன்னா வேற ஆளத்தான் பாக்கணும்."

எனக்கு அந்த வேலை வேண்டும். கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்த ஆபீசை மூடிவிட்டார்கள். அதிலிருந்து வீட்டில் சும்மா இருந்து இருந்து, அரிசிப் பானையோடு பேசுகிற நிலைமைக்கு வந்திருந்தேன். சம்பளம் பெரிதில்லை. ஆனாலும் காலையில் எழுந்து போவதற்கு எனக்கென்று ஓர் இடம் இருக்குமே என்று ஏங்கினேன். வீட்டுக்காரர் பேக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர், வண்டி பகலில் சும்மாதான் நிற்கிறது. லைசன்ஸ் மட்டும்தான் பாக்கி. அப்போது செப்டம்பர் மாதம்.

அவரே கற்றுக்கொடுத்தார். சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் இருந்த திடலில் எல் பலகை கட்டிக்கொண்டு சுற்றினேன். நான் கெட்டிக்காரி. பத்தே நாளில் காலைப் பின்னுக்கு இழுத்துக் கியரைத் தூக்கினேன், இடது பக்கம் திரும்ப வலது பக்கம் தள்ளினேன், பயம் வந்தால் முன் பிரேக்கை ஆறுதலுக்குப் பிடித்துக்கொண்டு கால் பிரேக்கில் நிறுத்தினேன். "பாத்தியா, எவ்வளவு சுலபம்" என்றார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. உலகத்தில் வண்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று என் கைகால்கள் முழுசாக நம்பிவிட்டன.

நவம்பரில் டெஸ்ட். எங்கள் வண்டியிலேயே போனோம். மலாய்க்கார ஆபீசர், அமைதியான மனிதர், எங்கள் கப்சாயை ஒருமுறை சுற்றி வந்தார். இன்னொரு முறை சுற்றி வந்தார். குனிந்து கியர் கம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மலாயில் கேட்டார்:

"இது மோட்டாரா, ரோஜாக்கா?"

கிடைத்த காய், கிடைத்த பழம் எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுக் கலக்குகிற பண்டம் ரோஜாக். வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார், ஏதோ அடுத்தவர் வண்டியைச் சொன்னதுபோல. ஆபீசர் எங்கள் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வண்டி ஒன்றைக் காட்டி, அதில் ஓட்டும்படி சொன்னார். பளபளவென்று, எல்லாம் ஒரிஜினலாக நின்றது அந்த வண்டி. நானும் பயமில்லாமல் ஏறினேன்.

கிளம்பினேன். கியர் மாற்றக் காலைப் பின்னுக்கு இழுத்தேன். எங்கள் கம்பி இருக்கிற அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கால் காற்றைத் துழாவியது, செருப்பு கழன்று விழுந்தது. முதல் கியரிலேயே வண்டி அலற அலற முனைக்குப் போனேன். இடது பக்கம் திரும்பச் சொல்லிக் கை காட்டினார்கள். வழக்கம்போல வலது பக்கம் தள்ளினேன். பின்னால் வந்த பையன் நான் வலது பக்கம் திரும்புகிறேன் என்று நம்பி என் இடது பக்கமாக நுழைந்தான். பயம் வந்தது. பயம் வந்தால் நான் என்ன செய்வேன்? ஆறுதலுக்கு முன் பிரேக்கைப் பிடிப்பேன். இறுக்கிப் பிடித்தேன்.

வண்டி நின்றது. நான் நிற்கவில்லை.

நல்ல வேளையாக எதிரே புல்தரை. ஆபீசர் வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார், என் ஒற்றைச் செருப்பையும் எடுத்துக் கொடுத்தார். சிரிக்கவில்லை. "அடுத்த டெஸ்டுக்கு வாங்க" என்று டிசம்பர் மாதத்தில் ஒரு நாளை எழுதிக் கொடுத்தார். அதிலும் தவறினால் ஜனவரி வேலை கோவிந்தா. வீட்டுக்கு வரும்வரை பின்னால் உட்கார்ந்து ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன்.

"சாமானெல்லாம் மாத்துங்க. சரியான வண்டியில பழகினாத்தான் நான் பாஸாக முடியும்" என்றேன்.

"ஏன் வண்டிய மாத்தணும்? உன்னைய மாத்திட்டா போதாதா?"

"அப்ப பயிற்சிப் பள்ளியில சேத்து விடுங்க."

அவர் நேராகச் சமையலறைக்குப் போனார். நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரிஜினல் சாமானுக்கு மலிவாக ஒன்று கண்டுபிடித்த மனிதர், இப்போது மோட்டார் சைக்கிளுக்கே மலிவாக ஒன்று கண்டுபிடித்துவிட்டார்.

நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டார். சாயும் பலகையின் மேல் துடைப்பக் கட்டையைக் குறுக்கே கட்டினார். அது ஹேண்டில். துணி மாட்டும் கிளிப் ஒன்று சிக்னல் சுவிட்ச். வலது காலுக்குக் கீழே கவிழ்த்த பால் டின் பின் பிரேக். இடது காலுக்கு முன்னும் பின்னும் ஜப்பான் சிலிப்பர் ஒவ்வொன்று. முன்னால் மிதித்தால் கியர் ஏறும், பின்னால் மிதித்தால் இறங்கும். "உக்காந்து பாரு, பொருந்துதா?" என்றார்.

வெட்கத்தை விட்டு உட்கார்ந்தேன். வேறு வழி என்ன இருந்தது? தினமும் சாயங்காலம் பேக்டரியிலிருந்து வந்ததும் அவர் எதிரே நின்று கத்துவார். "செகண்ட் கியர்! இடது சிக்னல்! ஏய், அது வலது! முன்னால மாடு! பிரேக்கு, ரெண்டு பிரேக்கும், மெதுவா, மெதுவா பிடி!" நான் துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வளைந்து திரும்புவேன். தப்பாகச் செய்தால் மறுபடி முதலிலிருந்து. பால் டின் மூன்று முறை நசுங்கி, மூன்று முறை மாற்றப்பட்டது.

பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்திருக்கிறார். ஒருநாள் என் வீட்டுக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, என் நெற்றியில் திருநீறு பூசி, கையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணமாகி ரெண்டு வருஷந்தானே ஆச்சு. பிள்ளை பொறக்கும். அதுக்காக மனச இப்படி விட்டுடாத தங்கச்சி. அவரும் நாற்காலிகிட்ட நின்னு மாடு மாடுன்னு கத்துறாரு. ரெண்டு பேரும் ஒருக்கா கோயிலுக்குப் போயிட்டு வாங்க."

விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. மறுநாள் ஒரு தாயத்தும் கொண்டுவந்து கொடுத்தார்.

டிசம்பர் டெஸ்டில் அதே ஆபீசர். என்னை அடையாளம் கண்டுகொண்டு, முன்னெச்சரிக்கையாக இரண்டடி தள்ளி நின்றார். நான் பயிற்சிப் பள்ளி வண்டியில் ஏறினேன். கண்ணுக்கு முன்னால் சாலை தெரிந்தாலும் மனத்துக்குள் எங்கள் வீட்டு ஹால்தான் இருந்தது. முன்னால் மிதித்தேன், கியர் ஏறியது. இடது பக்கம் தள்ளினேன், இடது பக்கம் மின்னியது. எட்டுப் போட்டேன், ஒடுக்கமான பலகையில் ஏறி இறங்கினேன், இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடித்துக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன். பாஸ். வீட்டுக்காரர் அங்கே இருந்த எல்லாரிடமும் நாற்காலியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் அளவு கூடக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

இங்கே நான் ஒன்றை யோசிக்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை. நாற்காலியில் பழகியது டெஸ்டுக்கு. வேலைக்குப் போக வேண்டியது ரோஜாக்கில்.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, ஒத்திகை பார்க்கலாமென்று எங்கள் வண்டியை எடுத்தேன். இப்போது என் கைகால்கள் சரியாகக் கற்றுக்கொண்டிருந்தன. ஆகவே எல்லாமே தப்பாகப் போயிற்று. எங்கள் தெரு முனையில் இடது பக்கம் தள்ள, வலது விளக்கு மின்ன, பின்னால் வந்த காய்கறி லோரி என் இடது பக்கமாக முந்தப் பார்த்தது. நான் கியரை இறக்க முன்னால் மிதித்தேனா, பின்னால் மிதித்தேனா தெரியாது. இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடித்தேன், முன் பிரேக் பிடிக்கவில்லை. லோரி நின்றது. நானும் வண்டியும் தெருவோர லோங்காவுக்குள் இறங்கினோம். முட்டி வரைக்கும் சாக்கடைத் தண்ணீர், முழங்கையில் ரத்தம்.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார், வண்டியைப் பார்க்கவில்லை. அதைக் குறித்து வைத்துக்கொண்டேன். ஆனால் அடுத்து வாயைத் திறந்தார்.

"ஒன்னும் இல்ல லா. ஒரு வாரம் இருக்கு. பழையபடி மாத்திப் பழகிக்கிட்டா..."

"போதும்!" என்று கத்தினேன். லோரிக்காரர் கூட இரண்டடி பின்வாங்கினார். "இந்த வண்டிக்குத் தகுந்த மாதிரி நான் ஒரு தடவை மாறினேன். டெஸ்டுக்குத் தகுந்த மாதிரி இன்னொரு தடவை மாறினேன். இனிமே மாற மாட்டேன். அங்க நாலு மைல் செம்மண் ரோடு. விழுந்தா தூக்க ஆள் கிடையாது. நான் வேலைக்குப் போகணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க."

அவர் என் முழங்கையைத் துடைத்துவிட்டு, வண்டியை மேலே தூக்கினார். அன்றிரவு ரேடியோ கூடப் போடவில்லை.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு மோட்டார் சாமான் கடைக்குப் போனார். தவுக்கே இவரைப் பார்த்ததும் எழுந்து கூட வரவில்லை. பழைய சாமான் கிடக்கிற மூலையைக் கையால் காட்டிவிட்டுச் செய்தித்தாளைத் திருப்பினார். என் வீட்டுக்காரர் கவுண்டருக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, "முன் பிரேக் கேபிள், சிக்னல் சுவிட்ச், கியர் கம்பி, கால் கவசம், ஹார்ன். எல்லாம் ஒரி" என்றார்.

தவுக்கே செய்தித்தாளை இறக்கினார். "தைவான்?"

"ஒரி."

"லோக்கல் ஆடா. மூரா." லோக்கல் இருக்கிறது, மலிவு என்று ஆசை காட்டினார்.

"ஒரி, போஸ்."

தவுக்கே உள்ளே திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா கை துடைத்துக்கொண்டே வந்து, இரண்டு பேருமாக நின்று என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். "லூ சாகிட் கா?" என்று கேட்டார் தவுக்கே. உனக்கு உடம்பு சரியில்லையா என்று அர்த்தம். நிஜமாகவே கவலையோடுதான் கேட்டார். சாமான்களைக் கட்டிக் கொடுத்தபோது ஒரு காலண்டரும் சேர்த்துக் கொடுத்தார்.

வழக்கமாகத் தானே பொருத்துகிறவர், அன்றைக்கு ஃபோர்மேனிடம் விட்டார். இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் சொல்வோம். சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனவர் அதைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார், வேர்க்க விறுவிறுக்க. "எஞ்சின் சூடாயிருச்சு" என்றார். தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. அவருக்கு இனி அந்த வண்டியை ஓட்டத் தெரியாது. நான் சிரித்ததை அவர் பார்க்காதபடி உள்ளே போய்விட்டேன்.

பள்ளி திறந்த நாள் காலையில் அவர் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். நான் சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி உருட்டி முன் பிரேக்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஹெல்மெட் மாட்டுகிற வரைக்கும் நிறுத்தவில்லை.

"போதும், பேக்டரி பஸ் வந்துரும்" என்றேன்.

"இரு, இன்னொரு தடவை." பிடித்தார், நின்றது. "இந்தப் பிரேக்க நான் ஓட்டுறப்பவே மாத்தியிருக்கலாம். எனக்கு எது பொருந்தினாலும் போதும்னு விட்டுட்டேன். இப்ப நீ தனியா போறே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ரெண்டு வருஷமா உங்க பின்னாடி உக்காந்திருந்தது யாரு? அப்ப என் உயிரு உயிரில்லையா?"

அவர் பிரேக் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப விழுந்தா ரெண்டு பேரும் சேந்துதானே விழுவோம்" என்றார். "அதனால பயமா இல்ல."

திட்டலாமென்று வாயைத் திறந்தேன். கண் கலங்கியது, ஹெல்மெட் இருந்ததால் பிழைத்தேன். வண்டியை உதைத்துக் கிளப்பி, தெரு முனையில் இடது பக்கம் சிக்னல் போட்டுத் திரும்பினேன். கண்ணாடியில் அவர் தெரிந்தார். பேக்டரி பஸ் வந்து நிற்பதைக் கூடப் பார்க்காமல் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தார். பஸ் டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் பள்ளிக்கு மணி அடிக்கப் பத்து நிமிடம் முன்பாகவே போய்ச் சேர்ந்துவிட்டேன்.